முதலில் நேரம், அப்புறம்தான் இடம்: சிங்கப்பூர் மழையிலும் வெயிலிலும் குடும்பத்தோடு வெளியே போக

சிங்கப்பூருக்குப் பருவமே கிடையாது, வருடம் முழுக்க ஒரே புழுக்கம்தான் என்று பலரும் சொல்வார்கள். என் மாமியார் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். உட்லண்ட்ஸில் எங்கள் வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்கு வெளியே மூங்கில் கழியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். "வாடை திரும்பிடுச்சும்மா, இனிமே சாயங்காலத்துல பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போகாதே" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

என் கணவர் பேருந்து ஓட்டுநர். ஷிஃப்ட் வேலை. அவருடைய ஓய்வு நாளும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருவது அரிது. அப்படி ஒரு நாள் அமைந்து, இரண்டு பிள்ளைகள், மூட்டுவலிக்கார மாமியார், சாப்பாட்டுப் பை எல்லாவற்றோடும் கிளம்பிப் போய், பூங்காக் கழிவறைக் கூரைக்குக் கீழே மழையைப் பார்த்தபடி நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. அதனால் எங்கள் வீட்டில் எங்கே போகலாம் என்று முதலில் பேசுவதில்லை. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வெளியே இருக்கலாம் என்று பார்த்துவிட்டு, அந்த நேரத்துக்குப் பொருத்தமான இடத்தைத் தேடுவோம்.

1991 முதல் 2020 வரையிலான சராசரியை எடுத்துக்கொண்டால் சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை நாட்கள் 171. அப்படியென்றால் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் மழையே இல்லை. பெய்கிற நாளிலும் காலையிலிருந்து இரவு வரை கொட்டுவது குறைவு. ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் விடியற்காலையிலா, பிற்பகலிலா என்பதுதான் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கிளம்புவதற்கு முன்

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் மழை ரேடார் படம் இருக்கிறது. பலரும் "இன்று மழை" என்ற ஒற்றை வரி முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்த வரியை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். ஒருமுறை பார்த்தால் போதாது. பல் துலக்கும்போது ஒருமுறை, பிள்ளைகளுக்குச் சட்டை போடும்போது ஒருமுறை என்று சிறிது இடைவெளி விட்டுப் பார்த்தால்தான் மழை எந்தப் பக்கம் நகர்கிறது, பெருக்கிறதா, கரைகிறதா என்று தெரியும். ஜூரோங்கில் கொட்டும்போது பாசிர் ரிஸில் வெயில் கண்ணைக் கூசும். தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வண்டி ஓட்டும் என் கணவருக்கு இது அன்றாட அனுபவம். மேற்கே போவதாகத் திட்டமிட்டு, ரேடாரைப் பார்த்தபின் வட்டப் பாதை ரயிலில் ஏறிக் கிழக்கே போன நாட்கள் எங்களுக்கு உண்டு.

இடி விஷயத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள். இடிச்சத்தம் காதில் விழுந்தால் மின்னல் உங்களைத் தொடும் தூரத்தில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திடல், கடற்கரை, நீச்சல் குளம், பாலம் எதிலும் நிற்கக் கூடாது. தனி மரத்தடி இன்னும் மோசம். நான்கு பக்கமும் திறந்திருக்கும் சின்னக் குடிலும் பாதுகாப்பில்லை. கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் காத்திருங்கள். பிள்ளைகள் நச்சரிப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த அரை மணி நேரத்துக்கென்றே பையில் ஒரு சீட்டுக்கட்டு கிடக்கும்.

வெயிலுக்கும் ஓர் அளவு இருக்கிறது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, சூரியக் கதிர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்த அறிவிப்பு 2023 ஜூலையில் தொடங்கியது. அதே செயலியில் பார்க்கலாம். அந்த அளவு 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 31இலிருந்து 33க்குள் என்றால் நிழல், தண்ணீர், அடிக்கடி ஓய்வு. 33ஐத் தொட்டுவிட்டால் நான் மாமியாரையும் சின்னவனையும் வெளியே அழைத்துப் போவதில்லை. இது சாதாரண வெப்பமானி காட்டும் டிகிரி இல்லை. வெப்பமானியில் 32 என்பது இங்கே தினசரி விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டிசம்பர், ஜனவரி: மழையும் பறவையும்

நவம்பர் கடைசியில் பள்ளி மூடினால் வருடத்தின் மிக நீண்ட விடுமுறை. வருடத்திலேயே அதிக மழை பெய்யும் மாதமான டிசம்பர் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். யார் போட்ட கணக்கோ, பிள்ளைகளைக் கேட்டால் அநியாயம் என்பார்கள்.

வடகிழக்குப் பருவமழையின் முதல் பாதி இது. வழக்கமான நாளில் காலை மூட்டமாக இருக்கும், ஆனால் பெய்யாது. பிற்பகலிலோ முன்மாலையிலோதான் இறங்கும். ஆகவே காலை 8 முதல் 11 வரை உங்கள் நேரம். இடையிடையே ஒன்று முதல் மூன்று நாள்வரை விடாமல் பெய்யும் அடைமழை வரும். அந்த நாட்களில் வெப்பம் 22, 23 டிகிரிக்கு இறங்கும். மாமியார் ஸ்வெட்டரைத் தேடுவார், நான் ரசம் வைப்பேன். வெளியே போவதென்றால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்தளம்தான். மின்னல் இல்லாத தூறலில் பிள்ளைகளைச் செருப்போடு கீழே விடுங்கள். நனையட்டும். உடனே தலை துவட்டிச் சூடாக மைலோ கொடுத்தால் சளி பிடிக்காது என்பது மாமியாரின் மருத்துவம். எனக்குத் தெரிந்து அதற்கு ஆதாரம் மைலோ டப்பாவில்கூட இல்லை, ஆனாலும் கொடுக்கிறேன்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஒரு காலத்தில் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை 2012இல் புல்லும் பாறையுமாக இயற்கை ஆறாக மாற்றினார்கள். வறண்ட நாளில் பிள்ளைகள் கல் தாண்டி விளையாட அதைப்போல இடம் கிடையாது. ஆனால் அது மழைநீர் வடிகாலும்கூட. தலைக்கு மேல் தூறல்கூட இல்லாதபோதே, மேலே எங்கோ பெய்த மழையால் தண்ணீர் சட்டென்று ஏறும். எச்சரிக்கை ஒலி கேட்டாலும் வானம் கறுத்தாலும் கரையேறிவிடுங்கள்.

இந்த மாதங்களின் உண்மையான விருந்து சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை, சைபீரியா போன்ற வடக்குப் பகுதிகளிலிருந்து குளிருக்குத் தப்பித் தெற்கே போகும் கரைப்பறவைகள் இங்கே இறங்கி இரை தேடுகின்றன. சில ஆஸ்திரேலியாவரை போகும். சில இங்கேயே தங்கிவிடும். அனுமதி இலவசம். காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்து. மரப்பாதையும் சீரான நடைபாதையும் இருப்பதால் மூட்டுவலி உள்ளவர்களும் மெதுவாக நடக்கலாம்.

எப்போது போனாலும் பறவை தெரியும் என்று நினைத்துப் போகாதீர்கள். இங்கே நேரத்தைத் தீர்மானிப்பது கடல். கடல் வற்றும்போது பறவைகள் வெளியே பரந்த சேற்றுக்கரைகளில் சிதறி மேய்கின்றன. தொலைநோக்கி இல்லாமல் புள்ளிகளாகத்தான் தெரியும். கடல் ஏறி அந்தச் சேற்றை மூடிவிட்டால் நிற்க இடமில்லாமல் காப்பகத்துக்குள் இருக்கும் குளங்களுக்குக் கூட்டமாக வந்துவிடும். மறைவுக் குடிலில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஆகவே கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்து, உச்ச ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். உச்ச ஏற்றம் காலை 9, 10 மணிக்கு வரும் நாளாகத் தேர்ந்தெடுத்தால் மழைக்கும் முந்திக்கொள்ளலாம், பறவையும் கிடைக்கும்.

சிறுவர்களுக்குப் பறவை சீக்கிரம் அலுத்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு வேண்டியது முதலை. உவர்நீர் முதலைகள் இங்கே நிஜமாகவே இருக்கின்றன, நுழைவுக்குப் பக்கத்துப் பாலத்திலிருந்து சில நாள் தெரியும். சேற்றில் தாவும் மீனும், நம் கை நீளத்தைவிடப் பெரிய நீர் உடும்பும், அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பமும் உண்டு. பாதையில் உடும்பு படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை நின்றுவிடுங்கள். விரட்ட வேண்டாம்.

பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போவதும் எங்களுக்கு வெளியே போகிற கணக்கில்தான் சேர்த்தி. கரும்பு, மஞ்சள் கொத்து, கட்டி வைத்திருக்கும் மாடு. மாட்டைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் சாணி வாசத்துக்கு மூக்கைப் பொத்துவதைப் பார்த்து மாமியார் சிரித்துக்கொண்டே இருப்பார். மாலை மழைக்கு முன் போய்விடுவது நல்லது.

பிப்ரவரி: நீண்ட நடைக்கு

பருவமழையின் இரண்டாம் பாதி வறண்டது. சராசரியில் மிகக் குறைந்த மழை பிப்ரவரியில்தான். காற்றும் நன்றாக வீசும். பட்டத்துக்கு இதுவே காலம். மரினா அணைக்கட்டின் புல் கூரைமேல் மாலை 5 மணிக்கு மேல் போனால் வானமெங்கும் பட்டம். தரை சூடாக இருக்கும், ஒரு பாய் எடுத்துப் போங்கள். கூரைக்கு ஏறும் வழி சாய்தளம் என்பதால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும்.

காலையில் நடப்பதென்றால் ரயில் பாதை. மலாயா ரயில் 2011 ஜூலையில் நிறுத்தப்பட்டு, அந்தத் தடம் 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாகியிருக்கிறது. முழுவதும் நடக்க யாரும் பரிசு தரப்போவதில்லை. பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் தொடங்கி இரும்புப் பாலத்தைத் தாண்டி ஹில்வியூ பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். தரை சமம், பிள்ளைகள் ஓடலாம், நடுவே எம்ஆர்டிக்கு இறங்கிவிடலாம். பல இடங்களில் நிழல் குறைவு, கடையும் இல்லை. தண்ணீர் கட்டாயம்.

புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான். ஆனால் தார்ச்சாலையின் கடைசி ஏற்றம் மூச்சு வாங்கும். அப்பத்தாவை அடிவாரத்தில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறினால் எல்லாருக்கும் நிம்மதி.

மார்ச் கடைசி முதல் மே வரை: சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புவது

காற்று நின்றுவிடும். காலையில் சுள்ளென்ற வெயில், பிற்பகலில் இடியோடு மழை. 1983 ஏப்ரலில் தெங்காவிலும், 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் 37 டிகிரி பதிவானது. அதுதான் இங்கே பதிவான உச்சம். தமிழ்நாட்டுக் கத்திரியோடு ஒப்பிட்டால் சிறிய எண்தான். ஆனால் இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்பு குளிராது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் "முப்பத்து மூணுதானே" என்று கிளம்பி, தாவரவியல் பூங்காவின் பாதி தூரத்தில் உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

சூரியன் வருடம் முழுக்க ஏறக்குறைய 7 மணிக்குத்தான் உதிக்கும், சில நிமிடம் முன்பின்னாக. ஆகவே 7 மணிக்கு நடக்கத் தொடங்கி 9.30க்குள் கோப்பிக்கடையில் உட்கார்ந்துவிட வேண்டும். என் பெண்ணைப் படுக்கையிலிருந்து எழுப்ப ஒரே வழி, நடந்து முடித்ததும் பிராட்டா (நம் பரோட்டாதான்) வாங்கித் தருவதாகச் சொல்வது.

இந்தக் காலத்தில் பார்க்க வேண்டியது பூ. வறட்சிக்குப்பின் நல்ல மழை இறங்கியதும் சாலையோர எக்காள மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துத் தள்ளும். பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலும் மறுபடி ஆகஸ்ட், செப்டம்பரிலும். சிங்கப்பூரின் சகூரா என்று படம் எடுக்கிறார்கள். ஜப்பானியச் செர்ரிக்கும் இதற்கும் உறவே கிடையாது. இதைத் தேடிக் கிளம்ப வேண்டியதில்லை. பூத்தபின் சில நாளில் கொட்டிவிடும் என்பதால் உங்கள் வட்டாரத்து மரம் எது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, பேருந்தில் போகும்போது கண்ணை அதன்மேல் வையுங்கள். பூத்த மறுநாள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

மார்ச் விடுமுறையை ஒட்டி இன்னொன்று, காசில்லாதது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாக வடக்கே இருக்கிறது. மார்ச் 20க்குப் பின் சில நாளிலும் செப்டம்பர் 20 வாக்கிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நண்பகல் 12 மணிக்கு இல்லை. நம் கடிகாரம் 1982 முதல் உலக நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடுவதால், மார்ச்சில் ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. ஒரு தண்ணீர் பாட்டிலைத் திடலில் நிறுத்தினால் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். பிள்ளைகளை நிற்க வைத்தால் அவர்கள் நிழலை அவர்களே மிதிப்பார்கள். ஐந்து நிமிட வேலை. தொப்பி போட்டுக்கொண்டு இறங்கி, பார்த்துவிட்டு உடனே ஏறிவிடுங்கள்.

தண்ணீர் விளையாட்டுக்கும் இதுவே சரியான காலம். ஜூரோங் ஏரித் தோட்டத்தில் குளுசியா கோவ் என்ற நீர் விளையாட்டிடம் இருக்கிறது, கட்டணமில்லை. பிற்பகல் இடிக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் என்றால் எங்களுக்கு அட்மிரல்டி பூங்காவின் சறுக்குமரங்கள். இரும்பு, பிளாஸ்டிக் சறுக்குகள் வெயிலில் சுடும். முதலில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: அலாரம் வேண்டாம்

இப்போது எல்லாமே தலைகீழ். தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா பக்கம் இரவில் உருவாகும் மழைக்கோடு மலாக்கா நீரிணையைத் தாண்டி, விடியலுக்கு முன்னிருந்து காலைக்குள் பலத்த காற்றோடு தீவைக் கடந்து போகும். மேற்கே ஜூரோங்கில் முதலில் அடித்து, கிழக்கே சாங்கியில் கடைசியாக ஓயும். ரேடாரில் வில்லாக வளைந்த சிவப்புக் கோடு மேற்கிலிருந்து வருவதைக் காணலாம். மே மாதம்வரை பிள்ளைகளை 6 மணிக்கு எழுப்பிய அதே பழக்கத்தில் ஜூன் விடுமுறையிலும் எழுப்பினால் மழையைத்தான் பார்ப்பீர்கள். அது கடந்தபின் சில மணி நேரம் காற்று குளிர்ந்து, மரமெல்லாம் கழுவி விட்டதுபோல் இருக்கும். 10 மணிக்குமேல் கிளம்பினாலும் வெயில் உறைக்காது. முந்தைய இரவின் பலத்த காற்றில் கிளைகள் முறிந்து தொங்கும் என்பதால் காட்டுப் பாதையை மட்டும் அன்று தவிர்த்துவிடுங்கள்.

கோடு வராத நாளில் மாலை 5 மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்கா. கடற்காற்று, சைக்கிள், மணல், சோளம். கூடாரம் அடித்து இரவு தங்க விரும்பினால் அதற்கென்று ஒதுக்கிய பகுதிகள் உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். கூடாரத்தின் ஆணியை நன்றாக இறுக்குங்கள், விடியற்காலைக் காற்று இந்தக் காலத்தில் சும்மா விடாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் நள்ளிரவோடு வீட்டுக்கு வந்துவிடுவதுதான் என் கட்சி. கூடாரத்தில் தூங்கினோம் என்று பள்ளியில் சொல்ல அவ்வளவு போதும்.

இது டுரியான் பழக் காலமும்கூட. கடையில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஓட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவி, அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பேருந்திலும் ரயிலிலும் ஏற்றக் கூடாது. மூன்று பை போட்டுக் கட்டினால் தெரியாது என்று நினைப்பவர்களைப் பற்றி என் கணவரிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.

ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் வரை புகைமூட்டம் வரக்கூடும். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிச்சதுப்பு நிலம் எரிந்து, காற்று தெற்கிலிருந்து வீசினால் இங்கே மூட்டம் போடும். 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளையே மூடினார்கள். எல்லா வருடமும் அப்படி இல்லை. காற்றுத் தூய்மைக் குறியீடு 24 மணி நேரச் சராசரி என்பதால், இப்போது வெளியே போகலாமா என்று தெரிய ஒரு மணி நேர நுண்துகள் அளவைப் பாருங்கள். 55வரை வழக்கமான நிலை. வீட்டில் ஆஸ்துமா இருந்தால் அதைத் தாண்டியதும் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர், நவம்பரில் மறுபடி பிற்பகல் இடிமழை. ஏப்ரலுக்குச் சொன்னதே இதற்கும். ஒரே வித்தியாசம், தீபாவளி அலங்கார விளக்குகள். மழை ஓய்ந்தபின் இரவு 8 மணிக்குமேல் சிராங்கூன் சாலையில் நடக்கலாம், ஈரச் சாலையில் விளக்கு இரட்டையாகத் தெரியும். வார இறுதியைத் தவிருங்கள், கூட்டம் தாங்காது.

உபின் தீவுக்கென்று தனியாக

உபினுக்கு எல்லா மாதமும் போகலாம். ஆனால் அந்தத் தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா ஈரநிலத்தின் கடலடியைப் பார்க்க வேண்டுமென்றால் நாள் குறிக்க வேண்டும். 2001இல் கடலைத் தூர்த்து நிலமாக்கவிருந்த இடம் இது. கடைசி நேரத்தில் தள்ளிவைத்தார்கள். 2007இல் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடைமேடை போட்டார்கள். கடல் மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும்போதுதான் கடற்புல் தரையும் நண்டும் நட்சத்திர மீனும் மேடையிலிருந்து தெரியும். அவ்வளவு வற்றுவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில். வீட்டுச் சுவரில் தினசரி நாட்காட்டி தொங்குகிறவர்களுக்கு இது சுலபம்: அமாவாசைக்கு மறுநாளையோ அதற்கடுத்த நாளையோ குறித்துக்கொண்டு, பிறகு அட்டவணையில் மணியைச் சரிபாருங்கள். பெரிய வற்றம் ஆண்டின் நடுவில் பெரும்பாலும் விடியுமுன் வந்துவிடும். ஆண்டுக் கடைசியில் மாலைப்பக்கம் வரும். செக் ஜாவா காலை 8.30 முதல் மாலை 6 மணிவரைதான் திறந்திருக்கும் என்பதால் இரண்டும் ஒத்துப்போகும் நாளைப் பொறுக்க வேண்டும். சுங்கை பூலோவுக்குக் கடல் ஏற்றம், செக் ஜாவாவுக்கு வற்றம் என்று குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாக. அவசரமென்றால் மீதி இடத்துக்கும் நீங்களே கொடுத்துக் கிளம்பலாம். முதியவர்கள் ஏறும்போது படகோட்டியிடம் "அங்கிள், மெதுவா" என்று சொல்லிவிட்டு, ஒருவர் முன்னே இறங்கிக் கை கொடுங்கள். கடல் வற்றியிருந்தால் படி ஆழமாக இறங்கும், பாசி வழுக்கும். தீவில் இறங்கியதும் பெரியவர்களுக்கு வேன் பேசிவிடுங்கள். செக் ஜாவாவரை நடந்தால் முக்கால் மணி நேரம், ஏற்ற இறக்கம் உண்டு. சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் கடையிலேயே பிரேக்கை அழுத்திப் பாருங்கள். திரும்பும் படகுக்குப் பொழுது சாயுமுன் வந்துவிடுங்கள். காட்டுப்பன்றி குறுக்கே வந்தால் விலகி நில்லுங்கள், தீனி காட்டாதீர்கள்.

பை

குரங்கு உள்ள இடங்களில், மெக்ரிட்சி நீர்த்தேக்கம், புக்கிட் தீமா எல்லாவற்றிலும், கையில் பிளாஸ்டிக் பை தொங்கக் கூடாது. அந்தச் சரசர சத்தம் குரங்குக்குச் சாப்பாட்டு மணி. எவர்சில்வர் டப்பாவில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் போட்டு, முதுகுப்பைக்குள் வைத்து, ஜிப்பை மூடுங்கள். பாதையில் திறக்க வேண்டாம்; திரும்பி வந்து பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சாப்பிடலாம். காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளிவரை அபராதம். பாவம் பசிக்கும் என்று வாழைப்பழத்தை எடுக்கும் மாமியாருக்கு நான் இந்தத் தொகையைச் சொல்லித்தான் நிறுத்தினேன்.

ஆளுக்கொரு மழைச்சட்டை. குடை பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் இடி இல்லாதபோது. கொசு மருந்தைக் கணுக்காலுக்கும் காதுக்குப் பின்னாலும் தடவுங்கள். டெங்கி மே முதல் அக்டோபர் வரை கூடுகிறது. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். உப்புப் போட்ட மோர் எடுத்துப் போனால் நடுவயிறு குளிரும், ஆனால் காலை 10 மணிக்குள் குடித்துவிடுங்கள், புளித்துவிடும். உலர்ந்த சட்டை ஒன்றும் சின்னத் துண்டு ஒன்றும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பையில் கட்டி வைத்தால், நனைந்தபின் குளிரூட்டிய ரயிலில் நடுங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. காலணிக்குப் பழையது போதும். வீட்டுக்கு வந்ததும் உள்ளே செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, தாழ்வாரத்தில் காற்று வரும் பக்கமாகச் சாய்த்து வையுங்கள். டிசம்பரில் காய இரண்டு நாளாகும். திங்கட்கிழமை பள்ளிக்குப் போட வேண்டிய வெள்ளைக் காலணியை மட்டும் இந்த வேலைக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள்.